மேஸ்திரி கையில் கறுப்பு

வீடு மாற்றிக் கொடுக்கிற தொழிலில் தூக்குகிறவர்கள் தனி, சுற்றுகிறவர்கள் தனி. பீரோ, கட்டில், குளிர்பெட்டி எல்லாம் தூக்குகிறவர்கள் பாடு. தட்டு, தம்ளர், கடிகாரம், கண்ணாடி போட்ட படம் இவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவது சுற்றுகிறவர்கள் பாடு. மேஸ்திரி தூக்குகிற கட்சி. அவர் மனைவி சுற்றுகிற கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு கட்சிக்கும் சண்டை உண்டு, பிரிவு கிடையாது. அவளை ஆட்கள் எல்லோரும் பேப்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சுற்றுகிற சுற்றில் கோப்பை எங்கே இருக்கிறது என்று தேடவே தனியாக ஒரு ஆள் போட வேண்டும் என்பது மேஸ்திரியின் கேலி. உடைந்ததாக இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை என்பது அவளுடைய பதில்.

தூக்குகிறவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. படியில் தூக்கிய சாமானைத் திருப்பம் வருகிறவரை கீழே வைக்கக் கூடாது. நடுப்படியில் வைத்தால் மேலே நிற்பவன் கால் வழுக்கும், கீழே நிற்பவன் தலையில் சாமான் இறங்கும். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தால் அது உட்கார்ந்தபடியே வரவேண்டியதுதான். இந்தச் சட்டத்தை ஆட்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தவர் மேஸ்திரி. அதனாலேயே அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

காலையிலிருந்து மழை. லிஃப்ட் இல்லாத கட்டடம், மேல்மாடி வீடு, படியெல்லாம் ஈரம். இரட்டைக் கதவு போட்ட பழைய மர அலமாரி ஒன்று. மேலே நெட்டை என்கிற உயரமான ஆள், கீழே மேஸ்திரி, பக்கவாட்டில் பேப்பரக்காவின் தம்பி. சாமானின் அடியில் கொடுத்து வாங்கிய பட்டை மேஸ்திரியின் தோளிலும் நெஞ்சிலும் குறுக்கே ஓடியது. இரண்டாவது மாடி இறங்கும்போது நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்தது போல இருந்ததாம். பட்டைதான் இறுக்குகிறது என்று நினைத்துக்கொண்டார். மூச்சு மாறுவதைப் பார்த்து மச்சினன், வைத்துவிடலாமா மாமா என்று கேட்டிருக்கிறான். திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். திருப்பம் வந்ததும், இன்னும் ஒரு மாடிதானே என்று விட்டார். அலமாரியைத் தெருவில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பட்டையைக் கழற்றினார். பட்டை போனது, பாரம் போகவில்லை. அதற்கும் அவரிடம் சமாதானம் தயாராக இருந்தது: தோள் பிசகிவிட்டது. இந்தத் தொழிலில் எந்த வலி வந்தாலும் அதைச் சாமான் தலையில் போட்டுவிடுவது வழக்கம்.

பேப்பரக்கா சமையலறையில் தம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி மெதுவாகப் படியேறி வந்து, சுருட்டி வைத்த மெத்தையின் மேல் உட்கார்ந்தார். தாடையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே தண்ணீர் கேட்டார்.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. பல்லு வலிக்குது."

"பல்லு வலிக்கு ஏங்க இப்படி வேர்க்குது?"

மழைக் குளிரில் மற்றவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்க, அவர் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. அதற்குள் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். குப்புறப் படுக்கச் சொன்னால் முதுகில் ஏறி மிதித்தே பிசகை எடுத்துவிடுவதாக நெட்டை சொன்னான். வாயுவாக இருக்கும், சோடா வாங்கி வருகிறேன் என்றான் தம்பி. பேப்பரக்கா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

"எதுக்கு அக்கா, டெம்போதான் கீழ நிக்குதே" என்றான் தம்பி.

"அதுல சோபா போகட்டும். மனுஷன் போறதுக்கு வேற வண்டி இருக்கு."

"அலமாரி நனையுது" என்றார் மேஸ்திரி. "அதை ஏத்தி முடிச்சிட்டு..."

"நனையட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டு உக்காருங்க."

ஆம்புலன்ஸில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வந்தார்கள். அந்தப் பெண் மேஸ்திரியின் நெஞ்சில் வயர்களை ஒட்டி, வந்த தாளை ஒரு பார்வை பார்த்தாள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். இரண்டாவது மாடியில் என்றார் மேஸ்திரி. நேரத்தைக் கேட்டால் மாடியைச் சொல்கிறாரே என்று அவள் சிரிக்கவில்லை. ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மாரடைப்பு, தயாராக இருங்கள் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு நெட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டான். மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அவனை அப்புறம் வெகுநாள் விடவில்லை.

பிறகு நடந்ததை ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வாழ்நாளெல்லாம் ஊரார் சாமானைப் படியில் இறக்கிய மனிதரை ஒரு நாற்காலியில் கட்டி, இரண்டு பேர் படியில் இறக்கினார்கள். மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, கீழ இருக்கிற ஆள் முட்டியை மடக்கணும், இடுப்பை மடக்கக் கூடாது. திருப்பத்துல மேல் ஆள் மொதல்ல சுத்தணும்."

ஆம்புலன்ஸ் பெண் நாற்காலியின் மேல்பிடியை மாற்றிப் பிடித்தபடி சொன்னாள்: "ஐயா, இப்ப நீங்கதான் சாமான். சாமான் பேசக் கூடாது."

அவர் பேசாமல் இருந்தார். பேப்பரக்காவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் யாரும் காத்திருக்க வைக்கவில்லை. பெயர், வயது கேட்டுக்கொண்டே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு மூடியது. வெளியே வரிசையாக நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குழாய். பேப்பரக்கா உட்காரவில்லை. அவள் கைக்கு வேலை இல்லாமல் இருந்து பழக்கமில்லை. பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தம்பி இரண்டு தடவை டீ வாங்கி வந்தான், இரண்டும் ஆறிப்போயின.

கண்ணாடி போட்ட இளவயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, அவளை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்து சொன்னார். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பில் சின்ன பலூனை ஊதித் திறந்து, மறுபடி மூடாமல் இருக்க வலைபோல ஒரு சுருளை வைத்தாகிவிட்டது. ரத்தம் ஓடுகிறது.

"வலி வந்ததுமே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் சதையைக் காப்பாத்தியிருக்கலாம்மா. ஒரு பக்கச் சுவர் கொஞ்சம் சோர்ந்திருக்கு. ஆனா தேறும். இதைவிட லேட்டா வந்து நல்லா நடமாடுறவங்க இருக்காங்க. இதைவிடச் சீக்கிரம் வந்து, வீட்டுக்குப் போனதும் கெடுத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. மிச்சம் உங்க வீட்டுலதான் இருக்கு."

மறுநாள் அவரைப் பார்க்க அவளை உள்ளே விட்டார்கள். மேஸ்திரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வைத்தியத்தை அவர் முழு விழிப்போடு பார்த்திருக்கிறார். பார்த்த வேலையைப் பாராட்டாமல் இருக்க அவரால் முடியாது.

"எவ்வளவு குறுகலான சந்து தெரியுமா? அதுக்குள்ள கம்பியை ஏத்தி, திருப்பி, நெஞ்சு வரைக்கும் கொண்டுபோயிட்டாங்க. எங்கயும் ஒரு கீறல் இல்ல. நம்ம ஆளுங்க கதவு நிலையில இடிக்காம ஒரு மேஜையைக் கொண்டுபோகச் சொல்லு பாப்போம்."

அவள் சிரித்தாள். அழுகையும் வந்தது. இரண்டையும் அவர் பார்த்துவிட்டார். கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். நோயாளிகளை நடக்க வைப்பதுதான் அவள் வேலை. நடை நர்ஸ் என்றே எல்லோரும் சொன்னார்கள். படுக்கையில் சொகுசாக யார் சாய்ந்திருந்தாலும் அவளுக்கு ஆகாது. மேஸ்திரியை வராந்தாவில் நடத்தினாள், அப்புறம் படியேற்றி இறக்கினாள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு என்று இரண்டு பேருக்கும் சொன்னாள். ஒன்று கொழுப்புக்கு, ஒன்று இதயம் படபடக்காமல் இருக்க. இரண்டு மாத்திரைகள் ரத்தம் உறையாமல் இருக்க. அந்த இரண்டில் சின்ன மஞ்சள் மாத்திரையை அவள் தனியாக உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது போட்டா லேசா இடிச்சாலும் தோல் கன்னிப்போகும். சும்மாவே அங்கங்க கறுக்கும். அதைப் பாத்துப் பயந்து நீங்களா நிறுத்திடாதீங்க. எங்கயாவது ரத்தம் நிக்காம வந்தா உடனே எங்ககிட்ட வாங்க. நிறுத்துறதா இருந்தா டாக்டர்தான் நிறுத்தணும். இடையில விட்டா உள்ள வெச்ச சுருள் அடைச்சுக்கும். அப்புறம் இந்த மாதிரி உக்காந்து பேசிக்கிட்டு இருக்க முடியாது."

மேஸ்திரி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பேப்பரக்கா அவரைச் சுற்ற ஆரம்பித்தாள். செய்தித்தாள் ஒன்றுதான் பாக்கி. தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, செருப்பை எடுக்கக் குனியக் கூடாது. சாப்பாட்டில் உப்பும் எண்ணெயும் சட்டென்று காணாமல் போயின. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவர் முணுமுணுத்தால், குப்பையைச் சாப்பிட்டாவது இருங்கள் என்றாள். பின்கட்டில் நான்கு அடி நடந்தாலும் பின்னாலேயே போனாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளில் சாமான் கட்டியிருக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நாளுக்கு நாள் பேச்சு குறைந்தது. மறு பரிசோதனைக்குப் போனபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு நடை நர்ஸ் பேப்பரக்காவைத்தான் பிடித்துக்கொண்டாள். ஷோகேஸில் வைப்பதற்கா ஆளை அனுப்பினோம் என்று கேட்டாள். நடக்கவேண்டும், வேர்க்கவேண்டும், நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும், வேலைக்கும் போகலாம், கனம் தூக்குவது மட்டும் டாக்டர் சொல்கிறபோது என்றாள்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். வெயில் ஏறுமுன் தெருக்கோடி வரை, பிறகு பெரிய ரோடு வரை, பிறகு பாலம் தாண்டி. பேசிக்கொண்டே நடக்க மூச்சு இடம் கொடுத்தது. ஒருநாள் அவள் பின்தங்கி, கொஞ்சம் மெதுவாகப் போங்களேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கவேண்டும்.

வேலைக்குத் திரும்பினார். தூக்கவில்லை. படித் திருப்பத்தில் நின்று, எந்தப் பக்கம் சாய்ப்பது, எவன் முதலில் சுற்றுவது என்று சொன்னார். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்திலிருந்து வந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து, கொட்டகையின் பின்னால் இருக்கும் குழாயில் ஆட்கள் சட்டையைக் கழற்றிக் கழுவிக்கொள்வார்கள். அப்போது எவன் உடம்பில் புதிதாகக் கறுப்பு இருக்கிறது என்று பார்ப்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். கறுப்பு விழுந்தால் சாமானை இடித்திருக்கிறான் என்று பொருள். இடித்தவன் அன்றைக்குக் கேலிக்கு ஆளாவான். தொடர்ந்து விழுந்தால், இவனுக்குக் கை போய்விட்டது என்று பெரிய சாமானிலிருந்து தள்ளி நிறுத்துவார்கள். மேஸ்திரியே அப்படி எத்தனையோ பேரைத் தள்ளி நிறுத்தியவர். இப்போது அவர் கையெல்லாம் கறுப்பு. முழங்கையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, விலாவில் அகலமாக ஒன்று. யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை. நெட்டை வேறு பக்கம் பார்த்தான். மச்சினன் துண்டைப் பிழிந்துகொண்டே, மாமா இனிமேல் டெம்போவிலேயே உட்கார்ந்துகொள்ளட்டும், படி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தணிந்த குரலில் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். அது அவருக்குக் கத்தி போல இறங்கியது. வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்புறம் அவர் உடம்பு நன்றாகத் தெளிந்தது. கறுப்பெல்லாம் மஞ்சளாகி, மங்கி, மறைந்தது. மாமாவுக்கு உடம்பு தேறிவிட்டது அக்கா, தோலைப் பாரேன் என்று தம்பி சந்தோஷப்பட்டான். பேப்பரக்காவும் சந்தோஷப்பட்டாள்.

ஒரு வீட்டைக் காலி செய்யப் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் இறந்துபோய், மனைவி மகள் வீட்டோடு போகிறார். சுள்ளென்று வெயில். பேப்பரக்கா அலமாரியிலிருந்து அந்த மனிதரின் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். துவைத்து, தேய்த்து, மாட்டிய சட்டைகள். ஒன்றின் பையில் சீப்பு இருந்தது. அதை என்ன செய்வது என்று கேட்கத் திரும்பினாள். அந்த அம்மாள் அங்கே இல்லை. ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். மேஸ்திரி சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, டெம்போவின் கதவுக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முழங்கை இரும்பில் பட்டது. அவர் உதறிவிட்டு வேலையைப் பார்த்தார்.

சாப்பாட்டு வேளையில் பார்த்தபோது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. லேசான சிவப்புகூட இல்லை. இரண்டு கையும் பளிச்சென்று இருந்தன. அவள் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைக் கீழே வைத்தாள். உள்ளங்கையில் மஞ்சள் மாத்திரையை வைத்துக்கொண்டு நடை நர்ஸ் சொன்னது அவ்வளவும் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் அவள்தான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். உடனே எழுந்து பின்கட்டுக்குப் போகிறார். ஏன் போகிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவரை மேல்மாடி அறைக்குக் கூப்பிட்டாள். அவர் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"மஞ்சள் மாத்திரையைத் துப்புறீங்களா?"

"யாரு சொன்னது?"

"உங்க கைதான் சொல்லுது."

அவர் கையைப் பார்த்தார். மறைக்க ஒன்றும் இல்லாதது அன்றைக்கு அவருக்கு வினையாகிவிட்டது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கொஞ்ச நாளாத்தான். மத்த எல்லாம் முழுங்குறேன். அது ஒண்ணுதான்... நெஞ்சு நல்லாத்தானே இருக்கு? உன்னைவிட வேகமா நடக்குறேன். குழாயடியில அவனுங்க பாக்குற பார்வை உனக்குத் தெரியாது. என்னை டெம்போல உக்காரச் சொல்றான் உன் தம்பி. நேத்து வந்த பய மாதிரி கறுப்பைத் தூக்கிக்கிட்டு அவங்க முன்னாடி நிக்க என்னால முடியல."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள். பெட்டியின் மேல் கிடந்த இறந்தவரின் சட்டை ஒன்றைக் கையில் எடுத்தாள். அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்த மாதிரி எத்தனை வீட்டுல எத்தனை ஆம்பளைங்க சட்டையை மடிச்சிருக்கேன் தெரியுமா உங்களுக்கு? பனியன், பெல்ட்டு, மூக்குக்கண்ணாடி, பையில கிடக்குற சீப்பு. வீட்டுக்காரம்மாங்களால தொட முடியாது. அந்த ரூம் பக்கமே வரமாட்டாங்க. நான்தான் மடிச்சுப் பெட்டியில போடுவேன். கூலி வாங்குறேன், செய்யுறேன். உங்க சட்டையை நான் மடிக்க மாட்டேன். சத்தியமா மடிக்க மாட்டேன். அப்படியே தொங்கட்டும்னு விட்டுட்டு எங்கயாவது போயிருவேன்."

அவர் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே நெட்டை யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சட்டையை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, "வா, போவோம்" என்றார்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுபடி வயர்கள், மறுபடி தாள். கண்ணாடி டாக்டர் தாளைப் பார்த்து, அவரைப் பார்த்து, நீளமாக மூச்சுவிட்டார். உள்ளே அடைப்பு ஏதும் தெரியவில்லை. அங்கேயே மாத்திரையைக் கொடுத்துத் தன் கண்ணெதிரே விழுங்க வைத்தார். திட்டுவார் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை.

"உங்களை மாதிரி வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வேலைக்குத் திரும்பிட்டாங்க. மாத்திரையை ஒழுங்காப் போட்டு, நடந்து, சிகரெட்டை விட்டவங்க நல்லாத்தான் இருக்காங்க. எனக்கு அவங்க முகம்கூட மறந்துபோச்சு, அவ்வளவு அபூர்வமாத்தான் வர்றாங்க. நிறுத்தினவங்க முகம்தான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இந்தத் தடவை உங்களுக்கு அதிர்ஷ்டம். அடுத்த தடவைக்கு நான் பொறுப்பு இல்ல."

"கறுப்பு விழுதே டாக்டர்?"

"விழும். இந்த மாத்திரை போடுற வரைக்கும் விழும். அப்புறம் நானே பாத்து மாத்துவேன்."

மறுநாள் காலையில் அவள் கேட்காமலே மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். போதும் போதும், பல்லை விளக்குங்கள் என்றாள் பேப்பரக்கா.

கொஞ்ச நாளில் கறுப்பு திரும்பி வந்தது. முன்னைவிடத் தாராளமாகவே வந்தது.

ஒரு சாயங்காலம் ஆட்கள் குழாயடியில் நின்றார்கள். பேப்பரக்கா கொட்டகைக்குள் மிச்சத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்பு திரும்பியதிலிருந்து சட்டையோடு கை மட்டும் கழுவிவிட்டுப் போன மேஸ்திரி, அன்றைக்குப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையைக் கொடியில் போட்டார். தோள்பட்டை, விலா, இரண்டு கை, எல்லா இடமும் கறுப்பும் நீலமுமாக இருந்தது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வந்தான்.

"இரு மாப்ள, நான் சொல்றேன்" என்றார் மேஸ்திரி. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இது சாமான் இடிச்சது இல்ல. நெஞ்சு அடைக்காம இருக்க ஒரு மாத்திரை போடுறேன். அது வேலை செய்யுதுன்னா இப்படித்தான் இருக்கும். நடுவுல ஒருதரம் உங்க பார்வைக்கு வெக்கப்பட்டு அதைத் துப்பினேன். செத்துப்போயிருப்பேன். அக்கா கண்டுபிடிச்சா."

அவர் குழாயில் கையை நீட்டிக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இனி தினம் சாயங்காலம் என் உடம்பைப் பாருங்க. எப்ப கறுப்பு இல்லாம பளிச்சுன்னு வந்து நிக்கிறேனோ, அப்ப என்னை எதுவும் கேக்க வேண்டாம். நாலு பேரும் சேர்ந்து தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில போடுங்க."

பேப்பரக்கா தாளை அடுக்குவதை நிறுத்தியிருந்தாள். நெட்டை மெதுவாக முன்னால் வந்தான். மேஸ்திரியின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். முழங்கைக்குக் கீழே, அன்றைக்குக் காலையில் விழுந்த புதுக் கறுப்பை உற்றுப் பார்த்தான். அதன் மேல் கட்டைவிரலை மெல்ல வைத்தான்.

"இருக்கு மேஸ்திரி" என்றான்.